பருப்பில்லாத ஆறு வாரம்

என் மகனுக்குக் குரோன்ஸ் நோய், அதாவது குடலில் அழற்சியும் புண்ணும் நீண்டகாலம் தொடரும் நோய், என்று உறுதியானபோது அவன் ஒன்பதாம் வகுப்பு. இப்போது பதினொன்றாம் வகுப்புப் படிக்கிறான், நன்றாக இருக்கிறான். பிள்ளைக்கு இந்த நோய் என்று தெரிந்ததும் எந்த வீட்டிலும் முதலில் எழும் கேள்வி, இனி என்ன சாப்பாடு கொடுப்பது என்பதுதான். அதைப் பற்றித் தமிழில் தேடித் தேடி நான் அலுத்துப்போனேன். அதற்காகவே இதை எழுதுகிறேன்.

நோயைக் கண்டுபிடித்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சாப்பிட்டதும் வலது பக்க அடிவயிற்றில் வலி. எடை குறைந்துகொண்டே வந்தது, உயரம் அப்படியே நின்றுவிட்டது. பூச்சி மருந்து, கேஸ் மாத்திரை எல்லாம் கொடுத்துப் பார்த்தாயிற்று. பள்ளிக்குப் போகச் சோம்பல்பட்டு வலி என்கிறான் என்றுகூட ஒரு மருத்துவர் சொன்னார். ஆசனவாயில் ஆறாத வெடிப்பைக் கவனித்த வேறொரு குழந்தை மருத்துவர்தான் எங்களைக் குடல் மருத்துவரிடம் அனுப்பினார். மலத்தில் கால்ப்ரொடெக்டின் என்ற புரதத்தை அளந்தார்கள். குடலில் அழற்சி இல்லாவிட்டால் அது பொதுவாக 50க்குள் இருக்குமாம். இவனுக்கு ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. அப்புறம் கேமரா குழாயைப் பெருங்குடலுக்குள் விட்டுப் பார்க்கும் கொலனோஸ்கோபி, அங்கிருந்து சிறு துணுக்குத் திசுவை எடுத்துச் சோதிக்கும் பயாப்சி.

நம் நாட்டில் இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. குடல் காசநோயும் குரோன்ஸும் பெரும்பாலும் ஒரே இடத்தைத்தான் புண்ணாக்கும்: சிறுகுடல் முடிந்து பெருங்குடல் தொடங்கும் இடம். பயாப்சியில்கூட இரண்டும் ஒன்றுபோலத் தெரியலாம். காசநோயைக் குரோன்ஸ் என்று நினைத்து எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து கொடுத்தால் காசநோய் முற்றிவிடும். சிலருக்குக் காசநோய் மருந்தைச் சில மாதம் கொடுத்து, புண் ஆறுகிறதா என்று மறுபடி கொலனோஸ்கோபி செய்து பார்க்கிறார்கள். எங்களுக்குக் காசநோய்க் கிருமியைக் கண்டறியும் ஜீன்எக்ஸ்பர்ட் சோதனை, ஸ்கேன் எல்லாம் பார்த்த பிறகு அது தேவைப்படவில்லை. பரிசோதனை இழுக்கிறதே என்று உங்களுக்குக் கோபம் வந்தால், காரணம் இதுவாக இருக்கலாம்.

சிகிச்சை பற்றிப் பேசும்போது மருத்துவர் சொன்னது எனக்கு வியப்பாக இருந்தது. வளரும் பிள்ளைக்கு ஸ்டீராய்டைத் தவிர்க்க முடிந்தால் நல்லது, முதலில் உணவாலேயே அழற்சியை இறக்கப் பார்க்கலாம் என்றார். இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, ஆறு முதல் எட்டு வாரம் வேறு எதுவும் சாப்பிடாமல் சத்துப் பவுடரைக் கரைத்து மட்டும் குடிப்பது. மற்றொன்று, பாதிக் கலோரி அந்தப் பவுடரிலிருந்தும் மீதி குறிப்பிட்ட சில உணவுகளிலிருந்தும் எடுப்பது. இந்த இரண்டாவது முறையை வகுத்தவர் இஸ்ரேலைச் சேர்ந்த குழந்தைக் குடல் மருத்துவர் ஆரி லெவின். 2019இல் வெளியான அவருடைய ஆய்வில் 74 பிள்ளைகள். பவுடர் மட்டும் குடித்தவர்களில் நான்கில் ஒரு பங்கினரால் அதைத் தாக்குப்பிடிக்க முடியவில்லை. உணவோடு சேர்த்து எடுத்த 40 பேரில் 39 பேர் தாக்குப்பிடித்தார்கள். நாங்கள் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தோம். கூடவே எதிர்ப்புச் சக்தியை அடக்கும் அசாத்தயோப்ரின் மாத்திரையும் தொடங்கியது. அது ஒத்துக்கொள்ளுமா என்று அறிய முன்கூட்டியே ஒரு மரபணுப் பரிசோதனை, பிறகு அடிக்கடி ரத்த அணு எண்ணிக்கை. உணவுமுறை மட்டும் போதும், மாத்திரை வேண்டாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அதேபோல, குடல் சுருங்கியிருக்கும் பிள்ளைக்கு எல்லா உணவும் ஆகாது. எதையும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

பட்டியல் கைக்கு வந்ததும்தான் எனக்குத் தலை சுற்றியது. தினமும் கோழி நெஞ்சுக்கறி, இரண்டு முட்டை, இரண்டு உருளைக்கிழங்கு, இரண்டு வாழைப்பழம், ஒரு ஆப்பிள் கட்டாயம். சோறு வேண்டிய மட்டும். ஆனால் முதல் ஆறு வாரத்துக்குப் பால் கிடையாது, தயிர் கிடையாது, கோதுமை கிடையாது, பருப்பு வகை எதுவும் கிடையாது. பருப்பு இல்லை என்றால் சாம்பார் இல்லை என்று மட்டுமா அர்த்தம்? மாவில் உளுந்து இருப்பதால் இட்லி, தோசையும் போயிற்று. தாளிப்பில் போடும் உளுத்தம்பருப்பும் போயிற்று. கடையில் வாங்கும் பெருங்காயத் தூளில் கோதுமை மாவு கலந்திருக்கும் என்பது டயட்டீஷியன் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

இந்தச் சமயத்தில் எங்கள் அடுப்படியைக் காப்பாற்றியவர் என் மாமியார். "பருப்பு போட்டாத்தான் ரசமா?" என்று கேட்டுவிட்டு, தக்காளி, மிளகு, பூண்டு, கொத்தமல்லி போட்டு, புளிக்குப் பதில் இறக்கியதும் எலுமிச்சை பிழிந்து ஒரு ரசம் வைத்தார். பட்டியலில் உள்ளவை மட்டும்தான் அதில் இருந்தன. மகன் அந்த வாரங்களை ஓட்டியது பெரும்பாலும் அந்த ரசத்தால்தான். கோழியை மஞ்சள், மிளகு, இஞ்சி, பூண்டு தட்டிப் போட்டு வதக்கினோம். உருளைக்கிழங்கை வேகவைத்து ஆறவிட்டுப் பிறகு பிரட்டினோம். பவுடரை நன்றாகக் குளிரவைத்துக் கொடுத்தால் வாடை தெரியவில்லை. பள்ளிக்கு ஃப்ளாஸ்க்கில் கொடுத்தனுப்பினேன். வகுப்பு ஆசிரியரிடம் முன்பே பேசிவிட்டதால் யாரும் அவனைக் கேள்வி கேட்கவில்லை.

பாக்கெட்டில் வரும் எதுவும் கூடாது என்பது இந்த முறையின் முக்கியமான விதி. அதனால் கடைக்குப் போனால் பாக்கெட்டின் பின்பக்கம் படிக்கக் கற்றுக்கொண்டேன். உணவில் சேர்க்கும் பொருள்களுக்கு ஐஎன்எஸ் என்று ஒரு எண் இருக்கும். ஐஎன்எஸ் 466 என்றால் கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ், 433 என்றால் பாலிசார்பேட் 80. எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் இருக்கச் சேர்க்கிறவை. 2015இல் எலிகளுக்கு இவ்விரண்டையும் கொடுத்துப் பார்த்தபோது குடலின் சளிப்படலத்துக்குள் பாக்டீரியா ஊடுருவி அழற்சி தூண்டப்பட்டதாக நேச்சர் இதழில் வெளியானது. மாவுச்சத்திலிருந்து எடுக்கும் மால்ட்டோடெக்ஸ்ட்ரின் என்ற பொருளையும் தவிர்க்கச் சொல்கிறார்கள். ஆனால் அதே மால்ட்டோடெக்ஸ்ட்ரின் அவன் குடித்த பவுடரிலேயே இருந்தது! கேட்டேன். அது இருந்தும் அந்தப் பவுடரால் அழற்சி குறைகிறது, ஏன் என்பது ஆராய்ச்சியாளர்களுக்கே இன்னும் முழுதாகப் பிடிபடவில்லை என்று டயட்டீஷியன் ஒளிக்காமல் சொன்னார். அந்தப் பதிலுக்குப் பிறகுதான் அவர்மேல் எனக்கு முழு நம்பிக்கை வந்தது.

பன்னிரண்டு வாரம் முடிந்தபோது கால்ப்ரொடெக்டின் இருநூறுக்குக் கீழே வந்திருந்தது. இரண்டாவது ஆறு வாரத்தில் பவுடரைக் கால்வாசியாகக் குறைத்து, கொஞ்சம் பருப்பையும் சேர்த்துக்கொள்ளலாம் என்றார்கள். பருப்புச் சோற்றை அவன் பிசைந்து சாப்பிட்டதை வீடே நின்று பார்த்தது.

உறவினர்கள் வந்தால் ஒரே கேள்வி: "சின்ன வயசிலேயே அவ்வளவு காரம் கொடுத்தியா?" காரமோ புளியோ இந்த நோயை வரவழைக்கவில்லை. மரபு, குடல் பாக்டீரியா, சுற்றுச்சூழல் எல்லாம் கூடித்தான் இது வருகிறது. உணவு அதில் ஒரு பங்குதான். எந்த உணவு என்பதற்கு 2021இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஆய்வு ஓரளவு விடை தருகிறது. இந்தியா உட்பட 21 நாடுகளில் 35 முதல் 70 வயதுவரை உள்ள 1,16,087 பேரைச் சுமார் பத்தாண்டு கவனித்திருக்கிறார்கள். 467 பேருக்குக் குடல் அழற்சி நோய் (குரோன்ஸ் அதில் ஒரு வகை) வந்தது. அதிகம் பதப்படுத்திய உணவை நாளுக்கு ஐந்து முறையோ அதற்கு மேலோ சாப்பிட்டவர்களுக்கு, ஒரு முறைக்கும் குறைவாகச் சாப்பிட்டவர்களைவிட ஆபத்து சுமார் 1.8 மடங்கு. சோறு, பருப்பு, பால், இறைச்சி, காய்கறி இவற்றுக்கு அப்படித் தொடர்பு தெரியவில்லை. பெரியவர்களிடம் நடந்த ஆய்வு, தொடர்பைத்தான் காட்டுகிறது. அதை வைத்து எந்தத் தாயையும் குற்றவாளி ஆக்க முடியாது. அமெரிக்கச் செவிலியர்களிடம் நடந்த நீண்டகால ஆய்வில், நார்ச்சத்தை, அதிலும் பழங்களிலிருந்து, நிறையச் சாப்பிட்ட பெண்களுக்குக் குரோன்ஸ் வரும் வாய்ப்பு சுமார் 40 சதவீதம் குறைந்திருந்தது.

எனக்கு ஒரு மகளும் இருக்கிறாள், ஆறாம் வகுப்பு. கூடப்பிறந்தவருக்கு இருந்தால் இவளுக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். அறிகுறி இல்லாத பிள்ளைக்குக் கொலனோஸ்கோபி எல்லாம் வேண்டாம், வலியும் எடைக்குறைவும் சேர்ந்து வந்தால் உடனே கூட்டி வாருங்கள் என்றார் மருத்துவர். அவளுக்கு நான் பருப்பையோ தயிரையோ நிறுத்தவில்லை, நிறுத்தத் தேவையும் இல்லை. மாலையில் பிஸ்கட் இருந்த இடத்தில் கொய்யாவும் சுண்டலும் வந்திருக்கின்றன. அண்ணனுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை கால்ப்ரொடெக்டின், இவளுக்கு மாதம் ஒருமுறை எடையும் உயரமும். இரண்டையும் ஒரே நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு வருகிறேன்.