கச்சான் காலத்தில் இஞ்சின் நின்ற பிறகு நாங்கள் வாங்கிய பெட்டி

போன வருஷம் ஆனி மாதம் மட்டக்களப்பு நாவலடியிலிருந்து மச்சானுடைய பைபர் போட்டில் மூன்று பேர் விடியப்புறமே போனோம். எட்டு மணிபோல இஞ்சின் இருமிவிட்டு நின்றது. எரிபொருளில் தண்ணீர். கச்சான் காற்று வீசுகிற காலம், எங்கள் கரையில் அது தரையிலிருந்து கடலுக்குத்தான் வீசும், அதனால் நின்ற நிமிஷத்திலிருந்தே போட் வெளியே போகத் தொடங்கியது. நங்கூரத்தைப் போட்டால் கயிறு தரையைத் தொடவில்லை. முதலில் பாலமீன்மடு வெளிச்சவீடு மறைந்தது, அப்புறம் தென்னைகள் மறைந்தன. போனில் ஒரு கோடுகூட இல்லை.

பின்னேரம் வாழைச்சேனைக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு பலநாள் படகு எங்களைக் கண்டு கட்டி இழுத்து வந்தது. கயிறு எறிந்த அண்ணன் கேட்ட முதல் கேள்வி, "தம்பி, உங்களிட்ட ஒண்டும் இல்லையா?" அவர்களிடம் ரேடியோ இருந்தது, செய்மதி வழியாக இருப்பிடத்தைக் கரைக்குச் சொல்லும் கருவியும் இருந்தது. 2015 தொடக்கத்தில் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கை மீனுக்குத் தடை போட்டதே, அந்தத் தடைக் காலத்தில்தான் ஆழ்கடல் படகுகளுக்கு அது வேகமாக வந்தது. எங்களைப் போன்ற ஒருநாள் போட்காரரிடம் இருந்தது ஒரு டோர்ச், ஒரு விசில், தண்ணீர்ப் போத்தல் இரண்டு.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் ஏச்சு வாங்கி முடித்ததும், போன் எடுக்காத இடத்திலிருந்து செய்மதி வழியாக உதவி கேட்கும் பெட்டி ஒன்றைத் தேட ஆரம்பித்தேன். வாங்கி முடிக்க ஏழு மாதம் ஆனது, அதில் பாதி என் முட்டாள்தனத்தால்.

முதலில் டொரன்டோவில் இருக்கும் அக்காவின் மகனிடம் சொன்னேன். "மாமா, நான் மலை ஏறப் போகேக்க வச்சிருந்த டிராக்கர் சும்மாதான் கிடக்கு, அனுப்பிவிடுறன்" என்றான். நிற்கும் இடத்தையும் சிறு செய்தியையும் செய்மதி வழியாக அனுப்பும் சாமான் அது. காசும் மிச்சம் என்று நானும் சந்தோஷப்பட்டேன். சாமான் வந்தது. கல்லடிக் கடற்கரையில் வானம் வெளியாகத் தெரியும் இடமாகப் பார்த்து நாலு நாள் வைத்துச் செய்தி அனுப்பினேன். பெட்டியில் பச்சை வெளிச்சம் மினுங்கியது, அனுப்பியாயிற்று என்பதுபோல. அவனுக்கு ஒன்றுமே போய்ச் சேரவில்லை. பிறகுதான் விஷயம் விளங்கியது. சில கம்பனிகளின் செய்மதி கண்ணாடி மாதிரி: கீழிருந்து போகும் சமிக்ஞையைத் திருப்பித் தரைக்கே அனுப்பும், அந்த நேரத்தில் அதே செய்மதியின் பார்வைக்குள் கம்பனியின் தரை நிலையம் ஒன்று இருக்க வேண்டும். நம் பக்கம் அது இல்லையென்றால் செய்தி அங்கேயே முடிந்தது. ஐரிடியம் என்ற கம்பனியின் 66 செய்மதிகள் அப்படியில்லை, ஒன்றுக்கொன்று கைமாற்றிக்கொள்ளும், அதனால் நடுக்கடலிலும் வேலை செய்யும். எந்த டிராக்கரை வாங்கினாலும் கம்பனியின் வரைபடத்தில் மட்டக்களப்புக்குக் கிழக்கே இருக்கும் கடலில் நிறம் பூசியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நான் அதைக் கடைசியில்தான் பார்த்தேன்.

அடுத்தது ஐரிடியத்தில் ஓடும் இன்ரீச், கார்மின் கம்பனியின் கருவி. எஸ்ஓஎஸ் அமத்தலாம், சாதாரண செய்தியும் அனுப்பலாம், பதிலும் வரும். "இஞ்சின் நிண்டுட்டு, உசிருக்கு ஒண்டுமில்ல, இழுக்க ஒரு போட் அனுப்பு" என்று மச்சானின் தம்பிக்கு எழுத முடிந்திருந்தால் அன்றைய கதை வேறு. மனசு அதில்தான் நின்றது. ஆனால் மாதச் சந்தா கட்ட வேண்டும், கட்டாவிட்டால் எஸ்ஓஎஸ்ஸும் கிடையாது. மச்சான் கேட்டான், "வாடைக்கு மூண்டு மாசம் போட் கரையில கிடக்கும், அதுக்கும் டொலர்ல கட்டுறதா?" அவன் கேட்டது நியாயம். பற்றரியும் இரண்டொரு நாளுக்கோ இரண்டொரு கிழமைக்கோ ஒருமுறை சார்ஜ் போட வேண்டிய சாதி, அதை மறக்காமல் செய்கிற ஆள் எங்கள் வீட்டில் இல்லை.

இடையில் ஒருவர், ஆபத்தில் சமிக்ஞை விடும் பழைய பீக்கன் ஒன்றை மலிவாகத் தருவதாகச் சொன்னார். மஞ்சள் நிறம், கம்பீரமாகத்தான் இருந்தது. பின்பக்கம் திருப்பினால் 121.5 மெகாஹெட்ஸ் மட்டும். அந்த அலைவரிசையைச் செய்மதிகள் கேட்பதை 2009 பெப்ரவரி 1ஆம் திகதியோடு நிறுத்திவிட்டார்கள். இப்போது அது கிட்ட வந்த விமானமோ கப்பலோ திசை பிடித்து நெருங்கத்தான் உதவும். இன்று செய்மதி கேட்பது 406 மெகாஹெட்ஸ். யாராவது பீக்கன் என்று எதையாவது நீட்டினால் இந்த இலக்கத்தைத் தேடுங்கள், இல்லையென்றால் கையால் தொடாமல் வந்துவிடுங்கள்.

406இல் போனால் சந்தா இல்லை. கொஸ்பாஸ்-சார்சாட் என்ற, செய்மதி வழியாகத் தேடி மீட்கும் ஏற்பாடு அது, கனடா, பிரான்ஸ், அமெரிக்கா, அன்றைய சோவியத் யூனியன் நான்கும் சேர்ந்து 1979இல் தொடங்கி, 1982இலேயே ஆட்களைக் காப்பாற்றத் தொடங்கியது. பீக்கனை இயக்கினால் ஏறக்குறைய 50 வினாடிக்கு ஒருதரம் 5 வாட்டில் ஒரு சிறு துடிப்பு மேலே போகும். செய்மதி அதைத் தரை நிலையத்துக்குத் தரும், நம் பக்கத்துக் கடலுக்கு அது பெங்களூரில் இருக்கும் மையம் வழியாக வரும், அங்கிருந்து கொழும்பில் கடற்படை நடத்தும் மீட்பு ஒருங்கிணைப்பு நிலையத்துக்கு. பெங்களூர் சுற்றி வருவது முதலில் எனக்கு விசித்திரமாகத்தான் பட்டது, ஆனால் உலகமே இப்படி மையங்களுக்குள் பிரிக்கப்பட்டிருக்கிறது.

406 பீக்கனிலும் இரண்டு வகை, ஈபிர்ப்பா பிஎல்பியா என்பதில் கன நாள் போனது. ஈபிர்ப் படகுக்கு உரியது, நிமிர்ந்து மிதக்கும், 48 மணி நேரம் ஓடும், சில வகை படகு தாழ்ந்தால் தானாகக் கழன்று வந்து இயங்கும். பிஎல்பி ஆளுக்கு உரியது, 24 மணி நேரம், நாமே அமத்த வேண்டும், தண்ணீரில் கிடந்தால் அன்டெனாவை வானத்தைப் பார்த்துக் கையில் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். சில மாதிரி மிதக்கவே மிதக்காது, வாங்குமுன் கேளுங்கள். படகுக்கு ஈபிர்ப்தான் சரி என்று எல்லோரும் எழுதியிருக்கிறார்கள், அது உண்மையும்கூட. ஆனால் எங்களுக்கு இன்னொரு கணக்கு இருந்தது. பெரியம்மா ஒவ்வொரு வருஷமும் உகந்தையிலிருந்து கதிர்காமத்துக்குக் காட்டுப்பாதையால் நடப்பவர். கும்புக்கன் ஆறு தாண்டினால் போன் வெறும் கல். எழுபது வயசு. ஈபிர்ப்பைக் காவடி மாதிரித் தூக்கிக்கொண்டு அவர் நடக்க முடியாது, பிஎல்பி இடுப்புப் பையில் போகும், தரையிலும் அதே மாதிரி வேலை செய்யும். மரக்கூடலுக்குள் நின்று அமத்தாமல் ஆற்று மணலுக்கோ பாறைக்கோ வர வேண்டும், அவ்வளவுதான்.

ஆளோடு கட்டும் ஏஐஎஸ் பீக்கன் ஒன்றும் இருக்கிறது, கப்பல்கள் ஒன்றையொன்று திரையில் காணும் முறையில் ஓடுவது, மலிவு. அது செய்மதிக்குப் போகாது, கிட்ட இருக்கும் படகின் திரையில்தான் காட்டும். எங்கள் கரையில் பைபர் போட்டில் எவன் திரை வைத்திருக்கிறான்?

ஆக, ஜிபிஎஸ் உள்ள பிஎல்பி. ஜிபிஎஸ் இருந்தால் இடம் ஏறக்குறைய 100 மீற்றருக்குள் போகும், இல்லையென்றால் சில கிலோமீற்றர் தள்ளித் தேடுவார்கள். கச்சானில் ஓடுகிற போட்டுக்குச் சில கிலோமீற்றர் என்பது பெரிய விஷயம். நான் வாங்கும்போது விலை 300, 400 டொலர் பக்கம்.

இனி நான் கொஞ்சம் கெட்டிக்காரனாக நடந்த ஒரே இடம். ஒவ்வொரு பீக்கனுக்குள்ளும் ஒரு நாட்டுக் குறியீடு எழுதப்பட்டிருக்கும், இலங்கைக்கு 417. எந்த நாட்டுக் குறியீடோ அந்த நாட்டின் பதிவேட்டில்தான் உங்கள் பெயரைத் தேடுவார்கள். விற்கிறவர் வெளிநாட்டில் இருந்தார், காசு கட்டுமுன் பெட்டியின் லேபிளைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். அதில் 15 எழுத்தும் இலக்கமும் கலந்த ஒரு வரி இருக்கும். கொஸ்பாஸ்-சார்சாட் தளத்தில் அதை விரித்துப் பார்க்கும் பக்கத்தில் ஒவ்வொன்றாகத் தட்டினேன், பூச்சியமா ஓவா என்று இரண்டு தரம் குழம்பி, பிறகுதான் உறைத்தது அந்த வரியில் ஓ என்ற எழுத்தே வராது, எழுத்துகள் ஏ முதல் எஃப் வரைதான் என்று. வந்த விடை: ஐக்கிய இராச்சியம். அப்படியே வாங்கியிருந்தால் நாவலடியில் நான் அமத்த, யாரோ ஓர் ஆங்கிலேயனின் படகைப் பற்றி பிரிட்டன் பக்கம் விசாரித்துக்கொண்டிருப்பார்கள். விற்கிறவர் முறுமுறுத்துக்கொண்டு 417க்கு மாற்றி, புதுப் படம் அனுப்பிய பிறகுதான் காசு கட்டினேன்.

சுங்கத்தில் சாமான் ஆறு கிழமை கிடந்தது. ரேடியோ அலை விடும் எதுவானாலும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி முதலில் எடுக்க வேண்டும், நான் சாமான் வந்த பிறகு எடுக்கப் போனேன். அது யாரிலும் பிழையில்லை, என் அவசரம். இரண்டு தரம் கொழும்புக்கு இரவு பஸ் ஏறினேன். இன்னொன்று, செய்மதிச் சாமானோடு இந்தியாவுக்குப் போகாதீர்கள். கோயில் கும்பிடப் போகிற பையில் தெரியாமல் இன்ரீச் வைத்திருந்தால்கூட அங்கே பொலிஸ் வரைக்கும் போகும்.

பீக்கனைப் பதிவு செய்யும்போது அவசரத் தொடர்பு இலக்கங்கள் கேட்பார்கள். பீக்கன் அலறினால் முதலில் அந்த இலக்கங்களுக்குத்தான் அடித்து, ஆள் உண்மையிலேயே கடலுக்குப் போனாரா என்று கேட்பார்கள். நான் என் இலக்கத்தையே முதலில் எழுதியிருந்தேன். மனைவி பார்த்துவிட்டு, "கடல்ல கிடக்கிற உங்களுக்கே அடிச்சு நீங்க கடல்ல கிடக்கிறீங்களோ எண்டு கேப்பாங்களா?" என்றாள். இப்போது அவளுடையதும் மச்சானின் தம்பியுடையதும் இருக்கின்றன, பெரியம்மா நடக்கும் மாதத்தில் அவர் கூட்டத்தாரில் நடக்காமல் ஊரில் நிற்கும் ஒருவருடையதையும் சேர்ப்போம்.

வீட்டில் எல்லோரையும் கூட்டி வைத்துக் காட்டினேன். அன்டெனாவை விரித்து, மூடியைத் தூக்கி, அமத்தாமல். பரிசோதனைப் பொத்தான் வேறு, அதையும் அடிக்கடி அமத்தினால் பற்றரி குறையும், அதனால் மாதம் ஒருதரம்தான். பெரியம்மா கையில் வாங்கிப் பாரம் பார்த்தார். "இத அமத்தினா முருகன் வருவாரா, நேவி வருமா?" என்று கேட்டார். மச்சான், "ஆர் முதல் வாறாங்களோ அவங்களோட வாங்க" என்றான்.

இப்போது அது லைப் ஜாக்கெட்டின் நெஞ்சுப் பக்கம் கயிறு போட்டுக் கட்டிக் கிடக்கிறது, போட்டின் பெட்டிக்குள் அல்ல, போட் கவிழ்ந்தால் பெட்டி எங்கே என்று தேட முடியாது. பற்றரியின் முடிவு வருஷத்தை மச்சான் போட்டின் உள்பக்கம் இஞ்சின் சேவிஸ் திகதிக்குக் கீழே சிவப்புப் பெயின்டால் எழுதியிருக்கிறான். எரிபொருள் கானுக்கு ஒரு வடிகட்டியும் வாங்கியாயிற்று.