ஆமானின் ஒரே வாக்கியம்

யூத சமய வகுப்புகளில் யூத வெறுப்பைப் பற்றிப் பேச நாஜிகளிலிருந்து தொடங்காதீர்கள். முதலில் சபாத் என்னும் வார ஓய்வுநாளின் மெழுகுவர்த்தியும் அன்று உண்ணும் ஹல்லா ரொட்டியும் பிள்ளைகளுக்குப் பழகட்டும். தாங்கள் யார் என்பதை வெறுப்பவன் வாயிலிருந்தா முதலில் கேட்பது?

பிறகு, பாரசீகத்தில் யூதர்கள் அழிவிலிருந்து தப்பியதைக் கொண்டாடும் பூரிம் நாளில் வாசிக்கும் எஸ்தர் சுருள், அதாவது வேதத்தின் எஸ்தர் புத்தகம். அதில் 3ஆம் அதிகாரம் 8ஆம் வசனம் ஒன்றே ஒரு முழு வகுப்புக்குப் போதும். யூதர்களை அழிக்க அனுமதி கேட்டுப் பாரசீக ராஜாவிடம் மந்திரி ஆமான் சொல்வதைப் பலகையில் துண்டு துண்டாக எழுதுங்கள். சிதறிக் கிடக்கும் ஒரு ஜனம்: உண்மை. அவர்கள் சட்டம் வேறு: அதுவும் உண்மை. ராஜாவின் சட்டத்துக்கு அடங்குவதில்லை: இங்கேதான் புரட்டு. ஆமானை வணங்க மறுத்தவர் மொர்தெகாய் என்ற யூதர் ஒருவர்தான். பழி மொத்த ஜனத்தின் மேல். இரண்டு உண்மைக்குப் பின்னால் ஒரு பொய் ஒளிந்து வருவதை 10 வயதுப் பிள்ளை தானே பிடித்துவிடும். முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள்.

பெரும்பாலும் சறுக்குவது கிலுகிலுப்பையில். சுருளை வாசிக்கையில் ஆமான் பெயர் வரும்போதெல்லாம் அதைச் சுழற்றிச் சத்தம் போடுவது கொண்டாட்டம்தான். அதோடு நிறுத்தினால், கெட்டவன் பாரசீகத்திலேயே செத்துப்போனான், கதை முடிந்தது என்று நினைத்துக்கொள்வார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு ஆமான் தொங்கிய தூக்குமரமும், யூதர்கள் தங்கள் எதிரிகளைக் கொல்லும் 9ஆம் அதிகாரமும் வேண்டாம். 12, 13 வயதுக்காரர்களிடம் அதை மறைப்பதும் தப்பு. கேள்வியோடு வருவார்கள், உட்கார்ந்து பேசுங்கள்.