சிலாப்புக்கு வந்த இரண்டாவது பில்

2025 ஜூலை 11, வெள்ளி

சாம்பல்தீவு வீட்டுக்கு சிலாப் போட்டு மூன்று கிழமை ஆகிறது. பூச்சு வேலை எப்போது தொடங்கும் என்று கேட்கத்தான் இன்று போனேன். கொந்தராத்துக்காரர் சேர்ட் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். கூடுதல் கொங்கிறீட் 2 கியூப், 140,000. ஜன்னல் அகலப்படுத்தியது 38,000. ஏற்றுக்கூலி 45,000. அதற்கு மேல் 18 வீதம் வற் வரி. மொத்தம் 263,140 ரூபாய்.

"முழுக் கொந்தராத்து என்றுதானே தம்பி எழுதினோம்?" என்றேன்.

"சிலாப்பை 4 அங்குலத்திலிருந்து 5 ஆக்கினோம் ரீச்சர். உங்கள் வீட்டின் நன்மைக்குத்தான்."

யாரைக் கேட்டு ஆக்கினார்? இருபத்தேழு வருடம் பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பித்துச் சேர்த்த பணம் அது. வீட்டுக்கு வந்தும் சோறு இறங்கவில்லை.

ஜூலை 12, சனி

காலையிலேயே அளவு நாடாவோடு போய்விட்டேன். கச்சான் காற்றில் சீமெந்துத் தூள் கண்ணெல்லாம் அப்பியது. மாடிப்படிக்கு விட்ட துவாரத்தின் விளிம்பில்தான் சிலாப்பின் கனம் வெளியே தெரிகிறது. பலகை கழற்றின தழும்பு இன்னும் இருந்தது. ஐந்து இடத்தில் நாடா பிடித்தேன். நாலு, நாலேகால், நாலு, நாலு, நாலேகால். ஐந்து எங்கேயும் இல்லை.

அப்படியே ஐந்து என்று வைத்தாலும் கணக்கு இடிக்கிறது. சிலாப் 620 சதுர அடி. ஒரு அங்குலம் கூடினால் 620ஐ 12ஆல் பிரிக்க வேண்டும், ஏறக்குறைய 52 கன அடி. ஒரு கியூப் என்பது 100 கன அடி. அரைக் கியூப் சொச்சம்தான் வரும், அவர் எழுதியது இரண்டு. தாளின் பின்பக்கத்திலேயே செய்து பார்த்தேன். கை நடுங்கியது, கோபத்தில்.

ஜன்னல் மட்டும் என் பொறுப்பு. அம்மாவுக்குக் காற்று வரட்டும் என்று நான்தான் வாயால் சொன்னேன். அதைக் கொடுத்தே ஆக வேண்டும்.

ஜூலை 13, ஞாயிறு

பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற கிராம சேவகர் ஐயாவிடம் தாளைக் காட்டினேன். முதலில் அவர் விரல் வைத்தது வற் வரியில். பதிவு செய்தவர்தான் வற் அறவிடலாம், பதிவிலக்கம் பில்லில் இருக்க வேண்டும் என்றார். இந்தத் தாளில் இலக்கமும் இல்லை, ஒரு ரப்பர் முத்திரையும் இல்லை.

பேசி முடியாவிட்டால் மத்தியஸ்த சபைக்குப் போகச் சொன்னார். 1988இன் 72ஆம் இலக்கச் சட்டத்தில் வந்த சபை. வழக்கறிஞர் வந்து வாதாட இடமில்லை, இரண்டு பக்கமும் நேரே இருந்து பேச வேண்டும். அதைக் கேட்டதும் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

ஜூலை 16, புதன்

போனை எடுக்கவில்லை. வேலைக்கும் ஆள் வரவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

இன்று வந்தார். ஐயாவும் கூட இருந்தார். நான் சத்தம் போடவில்லை. நாடாவை அவர் கையிலேயே கொடுத்து, "நீங்களே பிடியுங்கோ தம்பி" என்றேன். பிடித்தார். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, மேசன் சொன்னதை அப்படியே எழுதிவிட்டேன் என்றார். இருக்கலாம். ஆனால் காசு கேட்க முதல் அவர் அளந்திருக்க வேண்டும்.

கொங்கிறீட்டையும் வரியையும் வெட்டினோம். ஏற்றுக்கூலிக்கு ஒழுங்கை ஒடுக்கம், லொறி வராது என்றார். ஒழுங்கையைப் பார்த்துவிட்டுத்தானே விலை சொன்னவர்? என்றாலும் உழவு இயந்திரம் பிடித்தது உண்மை, அதற்கு 15,000க்கு ஒத்துக்கொண்டேன். ஜன்னலோடு 53,000. அதே தாளில் எழுதி மூவரும் கையெழுத்து வைத்தோம்.

ஜூலை 21, திங்கள்

பூச்சு தொடங்கியது. வாசல் நிலையில் ஆணி அடித்து ஒரு சிஆர் கொப்பி தொங்கவிட்டிருக்கிறேன். கூடுதலாக எது செய்வதென்றாலும் தொகையோடு முதலில் அதில் எழுதி, நான் கையெழுத்து வைத்த பிறகுதான் வேலை. பின்னேரம் போனபோது முதல் வரி எழுதியிருந்தது: "பின்வாசலுக்கு இன்னொரு படி, 6,500." அம்மாவின் முழங்காலை நினைத்துக்கொண்டு, கீழே "சரி" என்று எழுதித் திகதி போட்டேன்.