கிரியேட்டினின் சரியாக இருந்தும் ரத்தத்தில் அமிலம்

எனக்குச் சிறுநீரகக் கல் திரும்பத் திரும்ப வந்தது. ஒவ்வொரு முறையும் ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றும் கழிவு) சரியாக இருந்ததால், தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். பிறகு தொடைகளில் வலு குறைந்தது. தரையில் உட்கார்ந்தால் கையை ஊன்றாமல் எழ முடியவில்லை. ரத்தத்தில் பொட்டாசியம் 2.6. குறைந்தது 3.5 இருக்க வேண்டும். அதன் பிறகே சிறுநீரக மருத்துவரிடம் போனேன்.

அவர் கிரியேட்டினின் வரியைத் தாண்டிக் கீழே பார்த்தார். சோடியம் 139, குளோரைடு 114, அமிலத்தை முறிக்கும் பைகார்பனேட் 14. சோடியத்திலிருந்து மற்ற இரண்டையும் கழித்து, ஓரத்தில் 11 என்று எழுதினார். இந்த மிச்சம் கூடியிருந்தால் லாக்டிக் அமிலம், கீட்டோன் போன்ற அமிலங்கள் ரத்தத்தில் சேர்ந்திருக்கலாம். கூடாமல் பைகார்பனேட் மட்டும் குறைந்தால், அது வயிற்றுப்போக்கில் வெளியேறியிருக்க வேண்டும். இல்லையென்றால் சிறுநீரகத்தைச் சந்தேகிக்க வேண்டும். எனக்கு வயிற்றுப்போக்கு கிடையாது. பழைய தாள்களை எடுத்துப் பார்த்தோம். அவற்றிலும் குளோரைடு கூடியும் பைகார்பனேட் குறைந்தும்தான் இருந்தன. இத்தனை காலம் யாருமே அந்த வரிகளைப் படிக்கவில்லை என்பதை இன்றும் என்னால் ஏற்க முடியவில்லை.

அடுத்து, மணிக்கட்டில் நாடி துடிக்கும் தமனியிலிருந்து ரத்தம் எடுத்தார்கள். வழக்கமான ஊசியைவிட நன்றாகவே வலிக்கும். எடுத்த இடத்தைச் சில நிமிடங்கள் விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். பி.எச். என்ற அளவு குறையக் குறைய அமிலம் கூடுதல் என்று பொருள். 7.35 முதல் 7.45 வரை இருக்க வேண்டிய அது எனக்கு 7.30. சிறுநீரைப் பிடித்த கையோடு சோதித்தார்கள். வைத்திருந்தால் அளவு மாறிவிடும். அதில் பி.எச். 6.8. ரத்தத்தில் அமிலம் ஏறியிருக்கும்போது அது 5.5-க்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும். சிறுநீரகத்துக்குள் சிறுநீர் உருவாகும் நுண்குழல்களின் கடைப்பகுதி அமிலத்தைச் சிறுநீரில் தள்ளவில்லை. நோயின் பெயர் டிஸ்டல் ரீனல் டியூபுலர் அசிடோசிஸ்.

தேங்கும் அமிலத்தைச் சமாளிக்க எலும்பு தன் கால்சியத்தைக் கரைத்துக் கொடுக்கிறது. அந்தக் கால்சியம் சிறுநீரில் இறங்குகிறது. அதைக் கல்லாகவிடாமல் தடுக்கும் சிட்ரேட்டோ அங்கே குறைந்துவிடுகிறது. பொட்டாசியமும் அதே வழியில் போய்விடுகிறது. தனித்தனி நோய்கள் என்று நான் நினைத்தவை எல்லாம் ஒரே கோளாறின் விளைவுகள்!

கண், வாய் உலர்வு உண்டா என்றும் கேட்டார். உடலின் எதிர்ப்பு சக்தியே கண்ணீர், உமிழ்நீர்ச் சுரப்பிகளைத் தாக்கும் சோக்ரன் நோயிலும் இது வருமாம். அந்தப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை.

முதலில் பொட்டாசியத்தைத்தான் ஏற்றினார்கள். அமிலத்தை முறிக்கும் காரமருந்தை முந்திக் கொடுத்தால் பொட்டாசியம் செல்களுக்குள் புகுந்து, ரத்தத்தில் இன்னும் இறங்கிவிடும். பிறகு பொட்டாசியம் சிட்ரேட் கரைசல். கல்லீரல் சிட்ரேட்டைப் பைகார்பனேட்டாக மாற்றிவிடுகிறது. உப்புக் கரிக்கும், வயிற்றைப் புரட்டும். நிறையத் தண்ணீரில் கலந்து, சாப்பாட்டுக்குப் பின் பிரித்துக் குடித்தால் தாங்கிக்கொள்ளலாம்.

தொடை வலு முதலில் திரும்பியது. பைகார்பனேட் மெதுவாக 23-க்கு வந்தது. சிறுநீரகத்தில் முன்பே படிந்த கால்சியம் மட்டும் ஸ்கேனில் அப்படியே தெரிகிறது. அது கரையாது, கூடாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்கிறார் மருத்துவர். இப்போது பரிசோதனைச் சீட்டில் பைகார்பனேட்டும் குளோரைடும் விடுபட்டிருந்தால் நானே எழுதச் சொல்லி வாங்குகிறேன்.