எம்.சி. ரோட்டில் கடைக்குக் கடை நிற்கும் பெரியவர்

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் துணி எடுக்க வரும் குடும்பங்களைக் கவனியுங்கள். நாலு கடை தாண்டியதும் பெரியவர் நின்று, பொம்மை மாட்டியிருக்கும் சட்டையை வெறித்துப் பார்ப்பார். இரண்டு நிமிஷம் கழித்து நடப்பார், இன்னும் நாலு கடை தள்ளி மறுபடி நிற்பார். சட்டை மேல் ஆசையில்லை, காலின் ரத்தக்குழாய் அடைத்து, நடந்தால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது. ஜெர்மன்காரர்கள் இதற்கு ‘கடை ஜன்னல் நோய்’ என்றே பேர் வைத்திருக்கிறார்கள். நம் வீட்டில் ‘வாயு’ என்று தைலம் தேய்ப்போம்.

வாயு என்பது பாதி உண்மைதான். ரத்தக்குழாயின் உட்சுவர் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சுரந்துதான் குழாயை விரிக்கிறது. இதைக் கண்டுபிடித்தவர்களுக்கு 1998இல் நோபல் கொடுத்தார்கள். வயதாக ஆக அந்தச் சுரப்பு குறைகிறது. சுவரிலுள்ள எலாஸ்டின் என்ற இழுபடும் நார் அறுந்து, கொலாஜன் என்ற விறைப்பான நார் கூடிக் குழாய் விறைக்கிறது. ஆனால் அடைப்புக்கு வயதை மட்டும் பழி சொல்லாதீர்கள். பீடியும் சர்க்கரையும்தான் பெரிய குற்றவாளிகள்.

நின்றாலே வலி விட்டால் ரத்தக்குழாய். உட்கார்ந்தால் அல்லது முன்னால் குனிந்தால்தான் விடும் என்றால் முதுகுத்தண்டைச் சந்தேகப்படலாம். உறுதி செய்ய, பத்து நிமிஷம் படுக்கவைத்து, கணுக்காலுக்கு மேல் பி.பி. பட்டை கட்டி, ரத்த ஓட்டத்தை ஒலியாகக் கேட்கும் டாப்ளர் கருவியால் பி.பி.யின் மேல் எண்ணைப் பார்ப்பார்கள். அதைக் கையில் பார்த்த மேல் எண்ணால் வகுக்க வேண்டும். கணுக்காலில் 110, கையில் 150 என்றால் 0.73. 0.9க்குக் கீழே போனால் அடைப்பு. 1.4க்கு மேல் வந்தால் சந்தோஷப்பட வேண்டாம்: சுண்ணாம்பு படிந்த குழாய் பட்டைக்கு அமுங்கவில்லை என்று அர்த்தம். சர்க்கரைக்காரர்களிடம் இது சகஜம், அவர்களுக்குக் கால் விரலில் அளக்க வேண்டும். உட்காரவைத்து அளந்தால் கணக்கே தப்பு. கணுக்கால் அழுத்தம் பொய்யாக ஏறும்.

மருந்தோடு நடையும் வேண்டும். வலி நன்றாக வரும்வரை நடந்து, நின்று, விட்டதும் மறுபடி நடக்க வேண்டும். வாரம் மூன்று நாள், 30 முதல் 45 நிமிஷம், குறைந்தது 12 வாரம். வலி வருமுன்பே உட்கார்ந்துவிடுவதுதான் பலர் செய்யும் தப்பு. பாதத்தில் ஆறாத புண் இருந்தால் முதலில் டாக்டர், பிறகுதான் நடை.

அதே விறைப்பு தலையிலும் வேலை காட்டும். இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய குழாயான பெருந்தமனி, இளசாக இருந்தால், ஒவ்வொரு துடிப்பின் வேகத்தையும் தாங்கி மட்டுப்படுத்தும். விறைத்தது அப்படியே மூளையின் நுண்குழாய்களுக்குத் தள்ளிவிடும். வருஷக்கணக்கில் இடிபட்டு அவை பழுதாகும்போது நடை தளரும், யோசனை மந்தமாகும். கழுத்துக் குழாயிலுள்ள அழுத்த உணர்விகளும் மந்தமாவதால் சட்டென்று எழுந்தால் கண் இருட்டும். ஐந்து நிமிஷம் படுத்திருந்து பி.பி. பாருங்கள், எழுந்து நின்று 1ஆம் நிமிஷமும் 3ஆம் நிமிஷமும் பாருங்கள். மேலது 20 அல்லது கீழது 10 இறங்கினால் சீட்டில் குறித்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டுங்கள். பிராஸ்டேட் மாத்திரை சாப்பிட்டால் அதையும் சொல்லுங்கள், அதில் சில அழுத்தத்தை இறக்கும். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். அதுவரை ராத்திரி பாத்ரூமுக்கு எழும்போது கட்டில் ஓரத்தில் ஒரு நிமிஷம் உட்கார்ந்து, கணுக்காலைப் பத்துத் தரம் மேலும் கீழும் ஆட்டிவிட்டு எழுந்திருங்கள்.