வாணியம்பாடியில் குடித்த ஹரீரா

கூடப் படித்த தோழிக்குக் குழந்தை பிறந்து 12 நாள் ஆகியிருந்தது. காட்பாடியில் ரயில் ஏறி, குடியாத்தம், ஆம்பூர் தாண்டி வாணியம்பாடியில் இறங்கினேன். 2019ல் இருந்து இது திருப்பத்தூர் மாவட்டம், ஆனால் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் வாயில் இன்னும் வட ஆற்காடுதான், எனக்கும் அப்படியே பழகிவிட்டது.

அந்த வீட்டில் தங்களுக்குள் உருது, என்னிடம் தமிழ். நான் போனபோது தோழியின் பாட்டி, எல்லோருக்கும் நானிமா, அம்மி முன்னால் உட்கார்ந்து ஊறவைத்த பாதாமைத் தோல் உரித்து, கசகசாவும் சாரைப்பருப்பும் சேர்த்து அரைத்துக்கொண்டிருந்தார். மிக்சி பக்கத்திலேயே இருக்கிறது, தொடவில்லை. விழுதைக் கொஞ்சம் எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தேய்த்துப் பார்த்து, "இன்னும் ரேஷம் ஆகலை" என்று சொல்லிவிட்டு மறுபடியும் குழவியை இழுத்தார். மூன்று தடவை இப்படி. அப்புறம் நெய்யில் ஒரு ஸ்பூன் கோதுமை மாவைச் சிவக்க வறுத்து, விழுதைப் போட்டு, பால் ஊற்றி, ஏலக்காயும் சர்க்கரையும் சேர்த்துக் கொதிக்கவிட்டார். சில்லா முடிகிற வரை, அதாவது பிள்ளை பெற்ற 40 நாளும், தாய்க்கு இதைக் கொடுப்பார்களாம். எனக்கும் ஒரு டம்ளர் கிடைத்தது.

"இதுக்கு என்ன பேரு நானிமா?"

"ஹரீரா."

"அப்படின்னா?"

"அப்படின்னா ஹரீராதான். ஆறிடப் போகுது, குடி பேட்டா."

தொண்டையில் எதுவும் தட்டவே இல்லை. நெய் வாசனையோடு வழுக்கிக்கொண்டு இறங்கியது.

இந்தப் பெயரை நான் ஏற்கெனவே கேட்டிருக்கிறேன், ஆனால் மொராக்கோவில் ரம்ஜான் நோன்பு திறக்கும்போது குடிக்கிற சூப்புக்கு. அது தக்காளி, கொண்டைக்கடலை, பருப்பு எல்லாம் போட்டது, இதற்கும் அதற்கும் ருசியில் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. திரும்புகிற ரயிலில் இதையே தேடிப் படித்துக்கொண்டு வந்தேன். பழைய அரபியில் மாவைப் பாலிலோ கொழுப்பிலோ காய்ச்சினால் அது ஹரீரா. அப்படியானால் தக்காளி சூப்பைவிட நானிமாவின் டம்ளர்தான் அந்தப் பழைய கஞ்சிக்குக் கிட்டத்து உறவு! அரபிச் சொல் பாரசீகம் வழியாக உருதுக்கு வருவது சாதாரணம், ஆற்காடு நவாபுகளின் அரசாங்கக் காகிதமெல்லாம் பாரசீகத்தில்தான் ஓடியது, நாம் தினம் குருமாவுக்கு அரைக்கிற கசகசாகூட அந்தப் பக்கத்துச் சொல்தான்.

சூடு என்று பொருள்படும் சொல்லிலிருந்து இந்தப் பெயர் வந்தது என்று சிலர் சொல்கிறார்கள். இன்னும் சிலர் 'ஹரீர்' என்பதிலிருந்து வந்தது என்கிறார்கள். ஹரீர் என்றால் அரபியில் பட்டு. அதைப் படித்ததும் அம்மி முன்னால் கேட்ட சொல் சட்டென்று ஞாபகம் வந்தது. ரேஷம் என்றால் உருதில் பட்டு. எனக்கு இரண்டாவது விளக்கம்தான் சரி.

ஆம்பூர் தாண்டியதும் நானிமாவுக்கு போன் போட்டேன்.

"பட்டா? அரபியா? எங்க வீட்டுல யாருக்கும் அரபி பேச வராதே" என்றார். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "ரேஷம் ஆகலைன்னு எங்க அம்மா திட்டுவாங்க, அதான் எனக்கும் வாயில வருது. நீ வீட்டுல செஞ்சா கசகசாவை ராத்திரியே ஊறப்போட்டுடு பேட்டா, இல்லைன்னா நறநறன்னு நிக்கும்."