லண்டனில் பீக் கட்டணத்தைக் குறைத்துக்கொண்ட அனுபவம்

வெம்ப்ளி பார்க்கில் குடியிருந்து லண்டன் பிரிட்ஜுக்கு அருகில் வேலை பார்க்கும் எனக்கு, 2024-இன் தொடக்கத்தில் மாதச் செலவுகளை வரிசைப்படுத்தியபோது, வாடகைக்கும் மளிகைக்கும் அடுத்தபடியாக, ட்யூப் என்னும் சுரங்க ரயிலுக்கான பயணச் செலவு நிற்பது தெரிந்தது. அப்போதைய விலையில் காலை 4.40 பவுண்டு, மாலை 4.40 பவுண்டு என்று ஒரு நாளைக்கு 8.80 பவுண்டு, ஐந்து நாள் வேலைக்கு 44 பவுண்டு போய்க்கொண்டிருந்தது. அதே தண்டவாளத்தில் அதே இரு நிலையங்களுக்கு இடையே பீக் (கூட்டம் மிகுந்த நேரம்) அல்லாத நேரத்தில் அப்போது 3.20 பவுண்டுதான் என்பது பொதுவாகத் தெரிந்த செய்தியே என்றாலும், அந்த விலையைத் தொடர்ந்து பெறுவதற்கு என்னென்ன செய்ய வேண்டும் என்று தேடத் தொடங்கிய பிறகுதான் இந்த ஏற்பாட்டின் உட்கூறுகள் எனக்குப் பிடிபட்டன. அவற்றை அறிந்துகொண்டால் பயன்பெறக்கூடியவர்கள் நம்மவர்களில் பலர் இருப்பதால் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் விதி. திங்கள் முதல் வெள்ளி வரை காலை 6.30 முதல் 9.30 வரையும், மாலை 4 முதல் 7 வரையும் பீக் நேரம். அரசு விடுமுறை நாள்களுக்கும் சனி, ஞாயிறுக்கும் இது கிடையாது. எந்தக் கட்டணம் என்பதைத் தீர்மானிப்பது ரயில் புறப்படும் நேரமோ நீங்கள் போய்ச் சேரும் நேரமோ அல்ல. பயணம் தொடங்கும் நிலையத்தின் வாயிலில் உள்ள மஞ்சள் வட்டத்தில், கட்டணம் செலுத்தும் அட்டையை வைக்கும் கணம்தான் கணக்கு. வெம்ப்ளி பார்க்கில் காலை ஒன்பதரைக்குச் சற்று முன்பு போய்ப் பார்த்தால், வாயிலுக்கு இப்பால் கைபேசியில் மணி பார்த்தபடி சிலர் ஒதுங்கி நிற்பதையும், நேரம் தாண்டியதும் அத்தனை பேரும் ஒன்றாக உள்ளே நகர்வதையும் காணலாம். அவர்கள் செய்வது சரியான காரியம். அட்டைக்கான இணையக் கணக்குப் பக்கத்தில் ஒவ்வொரு பயணத்துக்கும் உள்ளே வந்த நேரம் நிமிடம் வரை பதிவாகியிருக்கும். அந்தப் பதிவை வாரம் ஒருமுறை பார்க்கும் பழக்கம் மட்டுமே எனக்கு நிறையக் கற்றுத்தந்தது.

ஆனால் எல்லாருக்கும் இந்த வேறுபாடு ஒரே அளவில் இல்லை என்பதை அந்த ஆண்டின் கட்டண அட்டவணையைப் படித்தபோது கவனித்தேன். கட்டணத்துக்காக லண்டனை மையத்திலிருந்து வெளிநோக்கி எண்ணிட்ட மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். நடுவிலுள்ள மண்டலம் 1-க்குள்ளேயே பயணம் செய்தால் பீக்கில் 2.80, மற்ற நேரத்தில் 2.70 என்று பத்து பென்ஸ்தான் வித்தியாசம். மண்டலம் 2-இலிருந்து நகர மையத்துக்கு 3.40, 2.80, என்னைப் போல மண்டலம் 4-இலிருந்து வருபவருக்கு 4.40, 3.20, மண்டலம் 6-இலிருந்து வருபவருக்கு 5.60, 3.60. அதாவது நகரத்தின் நடுவில் வீடு வைத்திருக்கும் வசதி உள்ளவருக்குக் கடிகாரம் ஒரு பொருட்டே இல்லை. வாடகை கட்டுப்படியாகாமல் தள்ளிக் குடியேறியவருக்கு ஒவ்வொரு நடைக்கும் இரண்டு பவுண்டு வரை அது தீர்மானிக்கிறது. இது என் மனத்தை உறுத்துகிறது. வாயிலில் உள்ளே நுழையும் நேரமே கணக்கு என்பதால் இன்னொரு சுமையும் தூரத்தில் இருப்பவர் தலையில்தான் விழுகிறது. பத்து மணிக்கு வேலை தொடங்கும் இருவரில், மண்டலம் 1-இன் ஓரத்தில் இருப்பவர் 9.31-க்கு அட்டையை வைத்துவிட்டு நிதானமாகப் போய்ச் சேரலாம், நானோ 9.15 வாக்கிலேயே உள்ளே நுழைந்தாக வேண்டும்.

இதனால்தான், மேலாளரிடம் போய் வெறுமனே பத்து மணி என்று கேட்பதில் பயனில்லை என்று முடிவு செய்தேன். பிரிட்டனில் 2024 ஏப்ரல் 6 முதல், வேலையில் சேர்ந்த முதல் நாளிலிருந்தே வேலை நேரத்தை மாற்றித் தருமாறு முறைப்படி விண்ணப்பிக்கும் உரிமை ஊழியர்களுக்கு உண்டு. பன்னிரண்டு மாதங்களுக்குள் இரண்டு விண்ணப்பங்கள் தரலாம். நிர்வாகம் இரண்டு மாதங்களுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். நம்மைக் கலந்து பேசாமல் மறுக்கக் கூடாது. நான் எழுதிய கடிதத்தில் பயணச் செலவைக் கடைசியில் ஒரே வரியில்தான் குறிப்பிட்டேன். காலை பதினொன்று முதல் மாலை ஏழு வரை நான் இருந்தால், மற்றவர்கள் கிளம்பிய பிறகு வரும் வாடிக்கையாளர் அழைப்புகளை யார் எடுப்பார் என்ற பழைய சிக்கல் தீரும் என்பதையே முன்னால் வைத்தேன். வாரத்தில் சில நாள்களுக்குப் பதினொன்று முதல் ஏழு, மற்ற நாள்களுக்குப் பத்தரை முதல் ஆறரை என்று முடிவாயிற்று.

இந்த இரண்டு நேரங்களுக்கும் இடையிலான வேறுபாடு முக்கியமானது. பத்தரை மணி வேலைக்குக் காலைக் கட்டணம் குறைகிறது. ஆனால் ஆறரைக்குக் கிளம்பி லண்டன் பிரிட்ஜில் அட்டையை வைத்தால் மாலை பீக் வந்து உட்கார்ந்துவிடுகிறது. ஏழு மணிக்குப் பிறகு கிளம்பும் நாள்களில்தான் இரண்டு பக்கமும் அப்போதைய 3.20 கிடைத்தது. மாலையில் ஒரு விதிவிலக்கு உண்டு: மண்டலம் 1-க்கு வெளியே இருந்து மண்டலம் 1-க்குள் வருபவரிடம், மணி ஐந்தே ஆனாலும், குறைந்த கட்டணமே வாங்குகிறார்கள். கூட்டம் மையத்திலிருந்து வெளியே போகும் நேரத்தில் எதிர்த்திசையில் காலியாக வரும் ரயிலில் ஏறுபவரைத் தண்டிக்க வேண்டியதில்லை என்பதே இதன் நியாயம். எனக்கு இது முழுக்க நேர்மையான விதியாகப் படுகிறது. மாலை நேர வகுப்புக்கோ இரவுப் பணிக்கோ நகரத்துக்குள் வருபவர்கள் பலர் இதை அறியாமல், ஏழு மணியாகட்டும் என்று காத்திருக்கிறார்கள்.

அடுத்து, ரயில் கட்டணத்தில் சலுகை தரும் ரயில்கார்டு. 26 முதல் 30 வயது வரையுள்ளவர்களுக்கான அட்டைக்கு அப்போது ஆண்டுக்கு 30 பவுண்டு. அதை வெளியூர் ரயிலுக்கு மட்டுமே என்று நினைத்துப் மற்ற பயணங்களில் பயன்படுத்தாமல் வைத்திருப்பவர்கள் ஏராளம். அதை, லண்டன் போக்குவரத்துக்கென முன்பணம் ஏற்றிப் பயன்படுத்தும் ஆய்ஸ்டர் அட்டையோடு இணைத்துவிட்டால், ட்யூபிலும் பீக் அல்லாத கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும், என் 3.20 ஏறத்தாழ 2.10 ஆயிற்று. பீக் கட்டணத்தில் ஒரு பென்ஸும் குறையாது. 16 முதல் 25 வயதினருக்கும் மூத்தோருக்கும் உள்ள ரயில்கார்டுகளுக்கும் இதே சலுகை உண்டு. வங்கி அட்டையையோ கைபேசியையோ வைத்துப் பயணிப்பவர்களுக்கு இது பொருந்தாது என்பதால், நான் மறுபடியும் நீல நிற ஆய்ஸ்டர் அட்டைக்கே திரும்பினேன். இணைப்பதை வீட்டிலிருந்து செய்ய முடியாது. நிலையத்தில் ஊழியர் ஒருவரை அணுகி, கைபேசியில் உள்ள ரயில்கார்டைக் காட்ட வேண்டும். அவர் பயணச்சீட்டு இயந்திரத்தில் தம் அனுமதியைக் கொடுத்து, நம் அட்டையை அதில் வைக்கச் சொல்லி, சலுகையின் வகையையும் முடிவுத் தேதியையும் பதிவு செய்வார். கூட்டமில்லாத நண்பகலில் போனால் ஐந்து நிமிட வேலை. ரயில்கார்டு காலாவதியாகும் அன்றே சலுகையும் ஓசையின்றி நின்றுவிடும். ரயில்கார்டைப் புதுப்பித்தால் மட்டும் போதாது, மறுபடியும் நிலையத்துக்குப் போய்ப் பதிவு செய்தாக வேண்டும்.

அதே ஆண்டு மார்ச் 8 முதல் மே 31 வரை, வெள்ளிக்கிழமை முழுவதையும் பீக் அல்லாத நாளாக்கி ஒரு சோதனை நடந்தது. வெள்ளிக்கிழமை வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களை அலுவலகத்துக்கு வரவழைப்பது நோக்கம். பயணிகள் எண்ணிக்கையில் குறிப்பிடத்தக்க மாற்றம் தெரியாததால் அது தொடரப்படவில்லை. எனக்கு அது வியப்பாக இல்லை. எந்த நாள், எந்த மணி என்பது பெரும்பாலோர் கையில் இல்லாதபோது, விலை மட்டும் அவர்களை எப்படி நகர்த்தும்? கூட்ட நேரத்துக்குக் கூடுதல் விலை என்ற யோசனையை நியூயார்க் சுரங்க ரயிலுக்காக 1950-களின் தொடக்கத்திலேயே முன்வைத்தவர் வில்லியம் விக்ரி என்ற பொருளாதார அறிஞர். 1996-இல் நோபல் பரிசு பெற்றவர். யோசனையின் தர்க்கத்தில் எனக்குக் குறை தெரியவில்லை. உச்ச நேரக் கூட்டத்துக்காகவே கூடுதல் ரயில்களும் ஆட்களும் தேவைப்படும்போது, அந்தச் செலவில் அந்நேரப் பயணி அதிகம் ஏற்பதில் நியாயம் உண்டு. ஆனால் நேரத்தை நிர்ணயிப்பவர் முதலாளி, கட்டணம் செலுத்துபவர் தொழிலாளி என்று இருக்கும் வரை, அந்தத் தர்க்கம் பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது. என் செலவைக் குறைத்ததில் பெரும்பங்கு அட்டைக்கு அல்ல, அந்த விண்ணப்பத்துக்கே உரியது.

நேரத்தை மாற்றவே முடியாதவர்களுக்கு மீதமிருப்பது பேருந்து. அதில் பீக் என்பதே இல்லை. அப்போது எந்நேரமும் 1.75 பவுண்டு, முதல் பேருந்தில் அட்டையை வைத்ததிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வேறு பேருந்துகளில் ஏறினாலும் கூடுதல் கட்டணம் கிடையாது. வெம்ப்ளியிலிருந்து லண்டன் பிரிட்ஜ் வரை முழுக்கப் பேருந்தில் போவது நடைமுறைக்கு ஒத்துவராது. ஆனால் நகரத்தின் புறப்பகுதிக்குள்ளேயே வேலைக்குப் போகும் என் தோழிகள் சிலருக்கு அதுவே பொருத்தமாக இருக்கிறது. மண்டலம் 1-ஐத் தொடாமல் சுற்றிச் செல்பவர்கள், வில்லெஸ்டன் ஜங்ஷன், ஸ்ட்ராட்ஃபோர்ட் போன்ற மாறும் நிலையங்களில் உள்ள இளஞ்சிவப்பு வட்டத்திலும் அட்டையை வைத்தால், மையத்தின் வழியே வராததைக் கணினி அறிந்து குறைந்த கட்டணத்தைப் போடும். ஊரிலிருந்து வரும் பெற்றோரை அழைத்துவர ட்யூபில் போகிறவர்கள் ஒன்றைக் கவனத்தில் கொள்ள வேண்டும்: 2022 செப்டம்பர் முதல், மண்டலம் 1-க்கும் ஹீத்ரோ விமான நிலையத்துக்கும் இடையிலான பயணத்துக்கு ஞாயிற்றுக்கிழமை நள்ளிரவிலும் பீக் கட்டணம்தான், ரயில்கார்டும் அங்கே கைகொடுக்காது.